முகம் கண்டு வாணிகம்

ஆவணி மாதத்து முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, போலாரத்தில் எங்கள் இல்லத்துக் கூடத்தின் நடுவே ஒரு பித்தளைச் செம்பு வீற்றிருந்தது. அதன்மீது ஒரு கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தோம். எதிரே விரித்த பாயில் என் பெரியம்மாவும், மணப்பெண்ணாகவிருந்த என் தங்கையின் மகளும் அமர்ந்திருந்தனர். கைபேசியின் திரையில் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் விற்பனையாளர் தோன்றிக் கைகூப்பினார்.

"வணக்கம் அம்மா. எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்?"

"செகந்திராபாத்துக்குப் பக்கம், போலாரம்."

"அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா அம்மா?"

"நாலு தலைமுறையாக இருக்கிறோம் தம்பி. நீ புடைவையைப் பிரி."

அவர் பிரித்தார். அரக்கு நிறத்து உடலும் பச்சைக் கரையுமாகப் பட்டு மடியிலிருந்து சரிந்தது. பெண் முகம் மலர்ந்தாள். பெரியம்மாவோ முகத்தில் எந்தக் குறியும் காட்டாமல், "அழகெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டு" என்றார். திரைக்கு அப்பால் அந்த இளைஞர் ஒரு கணம் திகைத்துப் பின் புன்னகை புரிந்தார். தம்முன் இருப்பவர் விவரம் தெரிந்தவர் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே முகம் பார்த்துப் பேசி வாணிகம் செய்யும் இவ்வழக்கம், வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு மற்றெவரினும் மிகுதியாகப் பயன்படுவது. ஆகவே அதன் இயல்பையும், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதையும் சற்று விரிவாக ஆராய்வது தகும்.

போலாரம் செகந்திராபாத்தின் வடபுறத்தே அமைந்த பழைய படைவீட்டுப் பகுதி. ஐதராபாத் நிஜாமின் பொருட்டு ஆங்கில அதிகாரிகளின் கீழ்த் திரட்டப்பட்ட படை இங்கே தங்கியிருந்தது. ஆங்கிலேய ரெசிடெண்டு ஓய்வுக்காகத் தங்கிய மாளிகையே இன்று குடியரசுத் தலைவரின் தென்னகத்து இல்லமான ராஷ்டிரபதி நிலையமாக விளங்குகிறது. சென்னைப் படைப்பிரிவுகளோடு சிப்பாய்களாகவும், குத்தகைக்காரர்களாகவும், எழுத்தர்களாகவும் வந்த தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்தின் பல பகுதிகளில் வேரூன்றின. மொழியும் சமையலும் மாறாமல் காத்துக்கொண்ட அக்குடும்பங்களுக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. திருமணம் என்று வந்துவிட்டால் கூறைப் புடைவைக்குக் காஞ்சிபுரம் போயாக வேண்டும். ஓர் இரவு ரயிற் பிரயாணம் செய்து சென்னையில் இறங்கி, அங்கிருந்து மேலும் எழுபது கிலோமீட்டருக்கு மேற் சென்று, இரண்டு நாட்கள் கடை கடையாக ஏறி இறங்கித் திரும்புவது வழக்கம். போக முடியாதவர்கள் மூட்டை சுமந்து வரும் வியாபாரியை நம்பினர். அல்லது கடைக்குக் கடிதம் எழுதி வி.பி.பி. தபாலில் வரவழைத்தனர். அஞ்சற்காரரிடம் பணம் கட்டிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது நாம் நினைத்த நீலமா, கடைக்காரர் நினைத்த நீலமா என்பது பிரித்த பின்னரே தெரியவரும்.

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி புதிய கற்பனையன்று. 1927ஆம் ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து ஹெர்பர்ட் ஹூவர் பேச, நியூயார்க்கில் இருந்தோர் கம்பி வழியே அவர் குரலைக் கேட்டதோடு உருவத்தையும் கண்டனர். 1936இல் ஜெர்மானிய அஞ்சல் துறை பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே பொதுமக்களுக்கென இத்தகைய நிலையங்களைத் திறந்தது. 1964இல் அமெரிக்கத் தொலைபேசிக் குழுமத்தார் 'பிக்சர்போன்' என்ற கருவியை நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் வைத்து, பின்பு மூன்று நகரங்களில் கட்டணக் கூடங்களும் அமைத்தனர். மூன்று நிமிடம் பேச 16 டாலர் முதல் 27 டாலர் வரை கட்டணம். குறைந்த கட்டணமே அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 76 ரூபாய். நம் நாட்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே டிரங்க் கால் பதிவு செய்யாமல் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி 1960இல்தான் வந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இத்தொகையின் கனம் புலப்படும். 1970இல் பிட்ஸ்பர்க் நகரத்து அலுவலகங்களுக்கு மாதம் 160 டாலர் வாடகையில் அக்கருவியை அளித்துப் பார்த்தனர். அதுவும் தேறவில்லை. விலை ஒரு காரணம். எதிர்முனையில் எவரிடமும் அக்கருவி இல்லாதது மற்றொரு காரணம். கூப்பிடும்போதெல்லாம் தலைவாரிக்கொண்டு நிற்க மக்கள் விரும்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தந்தியும் தொலைபேசியும் பெற்ற வரவேற்பு இதற்குக் கிட்ட மேலும் ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

தடை எங்கே இருந்ததெனில், அசையும் படம் குரலைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. அத்தடையைத் தகர்த்த கணித முறைகளுள் தலையாயது ஒன்றை 1974இல் வெளியிட்டவர்கள் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர். அகமது பெங்களூரிற் பிறந்தவர். இந்த ஆராய்ச்சிக்காக அவர் அமெரிக்க அரசின் அறிவியல் நிறுவனத்திடம் பொருளுதவி கேட்டபோது, 'இது மிக எளிது' என்னும் கருத்தில் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாம்! படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்திலும் மெல்ல மாறும் ஒளி வேறுபாடுகளைக் காத்துக்கொண்டு, கண் எளிதிற் காணாத நுண்ணிய வேறுபாடுகளை விட்டுவிடுவது அம்முறை. அதனுடன், முந்தைய படத்தினின்று மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் உபாயத்தையும் சேர்த்தே இன்றைய வீடியோ அழைப்பு இயங்குகிறது. இவ்விவரம் பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று. புடைவை வாங்குவோரும் அறிந்திருக்க வேண்டியது. இணைப்பு வலுக் குறையுங்கால் முதலில் தியாகம் செய்யப்படுவது நுண்வேலைப்பாடே. முகம் தெரியும், புடைவையின் நிறம் தெரியும், கரையிலுள்ள மெல்லிய ஜரிகைக் கோடுகள் மட்டும் கரைந்த சர்க்கரைபோல் மறைந்துவிடும். விற்பனையாளர் கைபேசியை ஆட்டி அசைத்தால் படமே முழுதும் மாறுவதால் குழப்பம் இன்னும் பெருகும். 'கையை ஆட்டாமல் ஓரிடத்தில் நிறுத்துங்கள்' என்று சொல்ல நாம் தயங்கலாகாது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டே திருப்புமுனை. அவ்வாண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வருகையால் இணையக் கட்டணம் சரிந்தது. நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வசதி வந்தது. எனினும் பேரனைப் பார்க்கவே அது பயன்பட்டதன்றிப் பட்டுப் பார்க்க அன்று. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கென நெய்த சேலைகள் அலமாரிகளிலேயே தங்கிவிட்டபோதுதான், பட்டுக்கடைகள் பலவும் நகைக்கடைகளும் கைபேசியைக் கையிலெடுத்தன. நோய் நீங்கிய பிறகும் அவ்வழக்கம் நீங்கவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்க்குப் போலவே போலாரத்தில் உள்ளவர்க்கும் காஞ்சிபுரத்துக் கடை திரையளவு தூரத்துக்கு வந்துவிட்டது.

இனி எங்கள் அனுபவத்திற்கு வருகிறேன். தொடக்கத்தில் நான் கூறிய காலை அழைப்பு எங்களுடைய இரண்டாம் முயற்சி. முதல் முயற்சி ஆடி மாதத்தில், வேறொரு கடையில், மாலை ஏழு மணிக்கு நிகழ்ந்தது. அதே அரக்கு நிறம். திரையில் கண்ணைப் பறித்தது. 'அரக்கு, பச்சைக் கரை' என்று விற்பனையாளர் எழுத்திலும் அனுப்பினார். பணத்தைக் கட்டிவிட்டோம். பொட்டலம் வந்து பிரித்தபோது உள்ளே இருந்தது காப்பிக்கொட்டை நிறம். பெண் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே சென்றாள். சிறிது நேரம் கழித்து அவள் கண்களைப் பார்த்த பிறகே அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது. முகூர்த்தத்துக்கு ஐந்து வாரங்களே இருந்தன. எங்கள் கையிலிருந்த தொகையிற் பெரும்பகுதி அப்பெட்டியில் இருந்தது.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. புகைப்படக் கருவிக்குத் தானாக நிறம் திருத்தும் குணம் ஒன்று உண்டு. காட்சியிலுள்ள நிறங்களைச் சராசரியாகக் கொண்டு, விளக்கொளியின் சாயலை அது ஊகிக்கிறது. திரை முழுவதையும் ஒரே சிவந்த துணி நிறைத்தால், 'விளக்குத்தான் சிவப்பு' என்று பிறழ உணர்ந்து நிறத்தை மாற்றிவிடும். அதன்மேல் கடையின் மஞ்சள் விளக்கு. அதற்கும் மேல் ஒவ்வொரு கைபேசித் திரைக்கும் ஒவ்வொரு சாயல். இதற்கு எளிய பரிகாரம் ஒன்றுண்டு. புடைவையின் அருகே ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லவேண்டும். தாள் திரையில் வெண்மையாகத் தோன்றினால்தான் பட்டின் நிறத்தை நம்பலாம். அதனினும் சிறந்தது, பகல் வேளையில் கடையின் வாயிற்படிக்குக் கொண்டுவந்து காட்டச் செய்வது. நாங்கள் காலையில் அழைத்ததன் காரணம் இதுவே.

திரையில் நன்கு காணக்கூடியவையும் உண்டு. 'மயில் கழுத்து' என்னும் நிறத்தை எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். ஆகவே துணி அசையும்போது நீலமாகவும் பச்சையாகவும் மாறிமாறித் தோன்றும். அச்சிட்ட படத்தில் அது ஒருபோதும் விளங்காது. அசையும் படத்தில் உடனே விளங்கும். கோர்வைக் கரையும் அவ்வாறே. உண்மையான கோர்வையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, மூன்று நாடாக்களைக் கொண்டு, விளிம்பில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். துணை நெய்வோர் ஒருவரும் தறியில் உடனமர வேண்டிய வேலை அது. முன்பக்கத்தில் நேர்கோடாகத் தோன்றுவதன் உண்மை பின்பக்கத்தில் அந்தப் பிணைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரியம்மா பின்பக்கத்தைக் கேட்டதன் பொருள் இதுதான். பின்பு அவர் தராசைக் கொண்டுவரச் சொன்னார். புடைவையை அதில் வைத்து எடையைக் காட்டச் சொன்னார். இளைஞர் காட்டினார். தொட்டுப் பார்க்க இயலாத குறையை எடையால் ஓரளவு ஈடுசெய்யலாம் என்பது அவர் கணக்கு.

சில்க் மார்க் முத்திரையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் அமைந்த நிறுவனம் வழங்குவது அது. ஆயினும் அம்முத்திரை பட்டு தூயது என்பதற்கு மட்டுமே சான்று; ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவது அசல் ஜரிகை. வெள்ளி எவ்வளவு என்பதைக் கடைக்காரர் ரசீதில் எழுதித் தரட்டும். திரையிலே எவர் கண்ணும் அதை அளந்துவிட முடியாது.

இங்கே வேறொரு துறையின் செய்தி நினைவுக்கு வருகிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் கண் பார்வை நிலையங்களை அமைத்தது. தேனி வட்டாரத்து நிலையங்களுக்குக் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் நெடுந்தூரக் கம்பியில்லா இணைப்பை வகுத்துத் தந்தனர். கிராமத்து நோயாளி நிலையத்தில் அமர, தொலைவிலுள்ள மருத்துவர் அவரைத் திரையிற் கண்டு பேசுவார். இந்த ஏற்பாடு வெற்றி பெற்றது இணைப்பினால் மட்டும் என்று நான் கருதவில்லை. நோயாளியின் அருகே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் இருந்து, கருவியால் கண்ணைச் சோதித்து, அளவுகளைக் குறித்து மருத்துவருக்குத் தெரிவிக்கிறார். மருத்துவரின் கை அவரே. பட்டுக்கடையிலும் அப்படித்தான். திரைக்கு அப்பால் நிற்கும் விற்பனையாளர் தம் முதலாளியின் வாய் மட்டுமன்று. நம்முடைய கையும் ஆகவேண்டும். 'இந்த முந்தானை நான்கு விரல் குட்டை' என்று அவராகச் சொன்னால் அக்கடைக்கு மறுமுறையும் போகலாம். அந்தக் காஞ்சிபுரத்து இளைஞர் மூன்றாவது புடைவையை எடுத்தபோது, "இதில் ஒரிடத்தில் இழை தடித்திருக்கிறது அம்மா, வேண்டாம்" என்று தாமே மடித்து வைத்தார். விற்பனை அந்த நொடியில்தான் முடிந்தது என்பது என் எண்ணம். பணம் கட்டியது பிறகு.

கடைக்காரர் தரப்பிலும் கஷ்டம் உண்டு. எங்கள் அழைப்பு ஐம்பது நிமிடம் நீடித்தது. அந்நேரத்தில் கடைக்கு வந்தோர் மூவரைக் கவனித்திருக்கலாம். பார்த்துவிட்டு, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்' என்று மறைந்துவிடுவோரும் பலர். ஆகவே அழைக்குமுன் நிறம், விலை வரம்பு, எந்த நாளுக்கு வேண்டும் என்பவற்றை எழுதி அனுப்பி, நேரம் குறித்துக்கொள்வது இருதரப்புக்கும் மரியாதை. எங்கள் வட்டாரத்தில் வடாமும் வற்றலும் செய்து விற்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். கோடையில் பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை மட்டுமே அழைப்பை ஏற்பார். மாடியில் வெள்ளைத் துணியின்மேல் காயும் வடாத்தை அப்படியே காட்டுவார். 'எங்கே பிழிகிறீர்கள், என்ன எண்ணெய்?' என்று கேட்போர்க்கு விடை கூறுவார். மாவு கிண்டும் வேளையில் எவர் அழைத்தாலும் எடுப்பதில்லை. பதம் போய்விடும் என்பார். நாள் முழுதும் காத்திருந்து எடுக்கும் பெருங்கடைகளைவிட அந்த ஒரு மணி நேரம் வாடிக்கையாளர்க்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆனால் முகம் தெரிவதே நம்பிக்கைக்குச் சான்றாகாது. காவல் அதிகாரி உடையில் வீடியோவில் தோன்றி, 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டங்களைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரித்தார். வீடியோ வழியே கைது செய்யும் முறை எந்தச் சட்டத்திலும் இல்லை. கடைபோல் அமைத்த அறையும் பொய்யாக இருக்கலாம். பணம் கட்டுமுன் கடையின் பெயரிலேயே கணக்கு உள்ளதா என்று பார்ப்பதும், பழைய ரசீதிலோ பெயர்ப்பலகையிலோ உள்ள எண்ணுக்குத் தனியே பேசி உறுதி செய்வதும் நலம். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டிக்கலாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

காப்பிக்கொட்டை நிறப் புடைவையின் கதை முடியவில்லை. 'திரையில் நிறம் மாறுவதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று கடைக்காரர் முதலில் மறுத்தார். 2020 ஜூலையில் வெளியான மின் வணிக விதிகளின்படி, ஒப்புக்கொண்ட தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கலாகாது. மேலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் முறையிட இடம் தருகிறது. ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு இதனினும் பயனுள்ள சட்டப் பிரிவு அரிது. முன்போல் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ வழக்குக்காக அலைய வேண்டுவதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலேயே முறையிடலாம். இவற்றைக் குறிப்பிட்டு, 'அரக்கு' என்று அவர் எழுதியதையும், அழைப்பின்போது எடுத்து வைத்திருந்த திரைப் படத்தையும் சேர்த்து அடக்கமாக ஒரு கடிதம் அனுப்பினேன். பத்து நாளில் பணம் திரும்பியது. அனுப்புச் செலவைக் கழித்துக்கொண்டனர். அதற்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை.

காஞ்சிபுரத்து இளைஞரிடம் பெரியம்மா இறுதியாக ஒன்று கேட்டார். "இதை நெய்தவர் யார் தம்பி? அவரைக் கொஞ்சம் காட்டேன்." இளைஞர் தயங்கினார். 2005-06ஆம் ஆண்டிலேயே காஞ்சிபுரப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. எனினும் நெய்தவரின் பெயர் பெரும்பாலும் எந்தப் பெட்டியிலும் இருப்பதில்லை. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலுள்ள தூரத்தை நீக்கிய கைபேசி, பிள்ளையார்பாளையத்துத் தறிக்கும் கடைக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்னும் நீக்கவில்லை. தறி நெசவாளர் வீட்டில் இருந்தாலும், அதிலுள்ள பாவும் பட்டும் பெரும்பாலும் முதலாளியுடையதாகவோ கூட்டுறவுச் சங்கத்தினுடையதாகவோ இருக்கும். ஆகவே அவரே வாடிக்கையாளருக்கு முகம் காட்டுவது எளிதன்று. கூட்டுறவுச் சங்கங்கள் இதை முயன்றால் நன்று என்று எனக்குத் தோன்றுகிறது. பேரம் பேசுவதற்கன்று; இரண்டு நிமிடம் பார்ப்பதற்கு.

நான்காம் நாள் பொட்டலம் வந்தது. பெண் பிரிக்கப் போனாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, திண்ணை வெயிலுக்கு எடுத்துச் சென்றார். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிக் கோர்வையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் முன்பக்கத்தை அவளிடம் காட்டினார். அரக்கு, அரக்காகவே இருந்தது. அன்று மாலை காஞ்சிபுரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அந்த இளைஞர் தறியொன்றின் அருகே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தலை நரைத்த ஒருவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சத்துடன் திரையைப் பார்த்தார். "இவர்தான் அம்மா" என்றார் இளைஞர். பெரியம்மா சட்டென எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சாப்பிட்டீர்களா ஐயா?" என்று கேட்டார்.